நாவும் நடுவுநிலையும்

அறுசுவை எனத் தமிழர் வகுத்தவற்றுள் கைப்பு எனப்படும் கசப்பும் ஒன்று. வேம்பு, பாகல், சுண்டை, அகத்தி எனக் கசப்புடைய பொருள்கள் பல. இவற்றை ஒருவர் விரும்பி உண்பதும், மற்றொருவர் முகம் சுளித்து ஒதுக்குவதும் எல்லா இல்லங்களிலும் காணப்படும் காட்சியே. உண்பவரைப் பொறுமைசாலி என்றும், ஒதுக்குபவரைப் பிடிவாதக்காரர் என்றும் உலகம் எளிதில் கூறிவிடுகிறது. இத்தீர்ப்பு முறையானதுதானா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் முதலில் எதிர்ப்படும் ஊர் ரிங்லெட். அதனை அடுத்த மலைச்சரிவுகளில் 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் பரந்து கிடக்கிறது. அங்குள்ள பச்சைக் கொழுந்தை வாயிலிட்டு மென்றால் கசப்பும் துவர்ப்பும் ஒருங்கே தோன்றும். ஆலையில் வாட்டி, உருட்டி, காற்றில் நிறம் மாறவிட்டு, உலர்த்திய பின்னரே அக்கசப்பு ஓரளவு தணிகிறது. அவ்வாறு தணிந்த பின்னும், ஒரே கெண்டியிலிருந்து ஊற்றிய தே ஓவைச் சர்க்கரையின்றிப் பருகும் இருவரில் ஒருவர் "நன்று" என்பார். மற்றவர் "கசக்கிறது" என்பார். இவ்விருவரில் பொய் கூறுபவர் யார்?

இவ்வினாவுக்கு அறிவியல் தந்த விடை சுவையானது. 1931ஆம் ஆண்டில் அமெரிக்க டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்னும் வேதியியலறிஞர் பினைல்தயோகார்பமைடு என்னும் தூளைக் கையாண்டபோது, அது காற்றில் பறந்தது. அருகிலிருந்த அறிஞர் தம் வாய் கசப்பதாகக் கூறினார். தூளுக்கு மிக அண்மையில் இருந்த ஃபாக்சுக்கோ எச்சுவையும் தோன்றவில்லை. இருவரும் வாதிட்டனர், தூளை நாவிலிட்டும் பார்த்தனர். ஒருவருக்குத் தாங்கொணாக் கசப்பு. மற்றவருக்கு ஒன்றுமே இல்லை. பின்னர்ப் பலரையும் சோதித்தபோது, மாந்தர் அனைவருமே இவ்வாறு இரு கூறாகப் பிரிந்து நிற்பது தெரியவந்தது.

இவ்வேறுபாட்டின் காரணத்தை 2003ஆம் ஆண்டில் டென்னிஸ் டிரைனா குழுவினர் கண்டறிந்தனர். நாவிலுள்ள கசப்பு ஏற்பி ஒன்றை உருவாக்கும் மரபணுவில் காணப்படும் சிறு மாற்றங்களே பெரும்பாலும் அதற்குக் காரணம். பெற்றோர் வழியாக வரும் இவ்வமைப்பைத் தேர்ந்துகொள்ளும் உரிமை எவருக்கும் இல்லை. இத்தூளை ஒத்த வேதிப்பொருள்கள், கேமரன் மலையில் பெருகி விளையும் முட்டைக்கோசின் இனத்துச் செடிகளிலும் உண்டு. ஆதலால் ஒருவருக்குச் சுவையான கீரை இன்னொருவருக்குக் கசப்பாதல் இயல்பே. மேலும், மனித நாவில் ஏறத்தாழ 25 வகைக் கசப்பு ஏற்பிகள் உள. தேயிலையின் கசப்பை உணர்த்துபவை வேறு ஏற்பிகள். எனவே ஒன்றில் கூர்மையான நா மற்றொன்றில் மழுங்கியிருத்தலும் கூடும்.

பிறப்பு ஒன்றே காரணம் என்பதும் பொருந்தாது. அகவையும் பழக்கமும் மனநிலையும் சுவையை மாற்றும். பெரியோரினும் சிறுவர் சில கசப்புகளை மிகுதியாக உணர்கின்றனர். குறுந்தொகையின் 196ஆம் பாடலில் மிளைக் கந்தனார் காட்டும் தலைவனுக்கு, காதல் மிக்கிருந்த நாளில் தலைவி தந்த வேப்பங்காயும் இனித்தது. அன்பு தளர்ந்த நாளிலோ பாரியின் பறம்புமலைத் தண்சுனை நீரும் உவர்த்தது. காயும் நீரும் மாறவில்லை. மாறியது அவன் மனமே.

அங்ஙனமாயின் உண்மை என்பதே ஆளுக்கு ஆள் மாறுவதோ எனச் சிலர் ஐயுறலாம். அன்று. தூள் ஒன்றே, நா வேறு வேறு, இந்த நாவுக்கு இது கசக்கும், அந்த நாவுக்குக் கசக்காது என்னும் விதியோ அனைவர்க்கும் பொது. "கசக்கிறது" என்றவர் கூற்றும் மெய். "எனக்குக் கசக்கவில்லை" என்றவர் கூற்றும் மெய். "எனக்குக் கசக்கவில்லை, ஆதலின் உனக்கும் கசக்காது" என்பதே பொய். ஒருவர் நாவின் மௌனம் மற்றவர் நாவின் வாக்குமூலத்தைப் பொய்யாக்காது.

இதிலிருந்து பெறப்படும் அறம் ஒன்றுண்டு. கசப்பை உணராதவர் பாகற்கறியைத் தட்டு நிறைய உண்பது மனவுறுதி ஆகாது. அவர் வெல்வதற்கு அங்கே பகையே இல்லை. முழுக் கசப்பையும் உணர்ந்த சிறுவன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கும் அரைக் கரண்டி மருந்தே மனவுறுதி. செயலின் அளவை மட்டும் கண்டு பாராட்டும் பழியும் வழங்குவோர் இவ்விடத்தில் தவறிழைக்கின்றனர். வகுப்பறையிலும் இதுவே நிகழ்கிறது. கணக்கு எளிதாக வரும் மாணவனுக்கு, அது வராத மாணவனின் தயக்கம் சோம்பலாகவே தோன்றும். ஆசிரியரும் அவ்வாறே எண்ணிவிட்டால், அம்மாணவனுக்காகப் பேச எவருமிலர். ஆதலால் மருந்தை விட்டுவிடலாம் என்பது கருத்தன்று. மலாயாத் தோட்டங்களில் மலேரியாவுக்குக் கொடுத்த கொயினா கடுங்கசப்புடையதே. எனினும் அது உயிர் காத்தது. மருந்து கொடுக்கப்படல் வேண்டும். கசக்கிறது என்னும் சொல்லும் நம்பப்படல் வேண்டும்.

நாவைப் பற்றிய இவ்வுண்மை வாழ்க்கைக்கும் பொருந்தும். ஒரு காலத்தில் தேயிலைச் சரிவுகளில் கூடை சுமந்து, குளிரிலும் மழையிலும் கொழுந்து பறித்தவர் தமிழரே. அவர் பட்ட துன்பத்தை, தேநீரைச் சர்க்கரையிட்டுப் பருகியவர் பலர் அறியவில்லை. இன்று அவ்வேலையைப் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் செய்கின்றனர். தோட்டத்தை விட்டு நகர்க்குச் சென்ற தமிழர் வழித்தோன்றல்களின் நா இப்போது அக்கசப்பை உணரும் நிலையில் இல்லை. "அப்படியென்ன துன்பம்?" என்று முன்னோரைப் பார்த்துப் பிறர் கேட்ட வினாவை, இன்று அவர்தம் பெயரரே கேட்கக்கூடும்.

நடுவுநிலை என்பது எல்லார்க்கும் ஒரே கரண்டியால் அளப்பதன்று. தன் நாவை உலகத்துக்கு அளவுகோலாக்காமையே அதன் முதற்படி. கசப்பு என்று ஒருவர் சொல்லும்போது, தனக்குக் கசக்காதபோதும் நின்று கேட்பவனே பிறர் துன்பம் அறியும் தகுதியைப் பெறுகிறான். அத்தகுதியை இளையோரிடத்து வளர்ப்பது கல்வியின் தலையாய கடமைகளுள் ஒன்றாகும்.