முழந்தாளின் சாட்சி

எழுந்தேற்றத்தின் மணி ஒலித்ததும் ஆலயம் முழுவதும் ஒரே அசைவாய்த் தாழ்வதைச் சிறு வயது முதல் நாம் கண்டு வருகிறோம். சேலைகளின் சரசரப்பு, முதியோரின் பெருமூச்சு, பிறகு அமைதி. ஒரு ஞாயிறன்று அந்த அமைதியினூடே ஒரு குரல் நம் காதில் விழுந்தது. "ஆண்டவர் முன்னால கூட முழங்கால் மடங்காதா, பாட்டி?" தூணைப் பிடித்தபடி நின்ற மூதாட்டி மறுமொழி கூறவில்லை. அவருடைய மூட்டு நோயை அறிந்திருந்த நாமும் வாய் திறக்கவில்லை; செபத்தில் ஆழ்ந்தவர்போல் கண்களை மூடிக்கொண்டோம். அடுத்த வாரம் அவர் வெளித் தாழ்வாரத்தில் நின்றார்.

ஒருவரின் முழந்தாள் அவருடைய உள்ளத்திற்குச் சாட்சி சொல்ல வல்லதா? நற்செய்தியைப் புரட்டினால் நமக்குக் கூச்சமே மிஞ்சுகிறது. இயேசுவுக்கு முள்முடி சூட்டிய படைவீரர் அவர்முன் முழந்தாளிட்டனர், அது ஏளனம். கோவிலில் மார்பில் அறைந்துகொண்ட வரிதண்டுபவரோ நின்றுகொண்டே மன்றாடினார். பரிசேயரும் நின்றார் என்பதையும் மறக்கலாகாது. நிலை ஒன்றே, உள்ளம் வேறு.

நம்முள் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. 325-இல் கூடிய நிசேயா திருச்சங்கம், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாஸ்கா காலத்திலும் முழந்தாளிடாமல் நின்றே செபிக்க வேண்டுமெனத் தன் இருபதாம் விதியில் வகுத்தது. தாழ்ந்து பணிதல் மனம் வருந்துவோர்க்கு உரியது. உயிர்த்த ஆண்டவரின் நாளில் மீட்கப்பட்டோர் நிமிர்ந்து நிற்பதே தகும் என்பது அக்கால எண்ணம். ஆக, அந்த மூதாட்டியைக் கடிந்துகொண்டவர், நிசேயாத் தந்தையரிடம் தாமே கடிந்துரை பெற்றிருப்பார்!

இதனால் முழந்தாளிடுதலை நாம் குறைத்துப் பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம். கெத்சமனியில் ஆண்டவரே முழந்தாளிட்டார். தீர் நகரைவிட்டுப் பவுல் புறப்பட்டபோது, ஆண்களும் பெண்களும் சிறுவரும் கடற்கரை மணலில் அவரோடு முழந்தாளிட்டு வேண்டினர். நம் சிற்றூர்க் கோவில்களில் திண்டு ஏதுமின்றி வெறுந்தரையில் முழந்தாள் ஊன்றும் எளியோரைக் காணும்போது அம்மணற்கரையே நம் நினைவுக்கு வருகிறது. 1969-இல் இந்தியத் திருவழிபாட்டிற்கென உரோமை இசைவளித்த பன்னிரு தழுவல்களில், தரையில் அமர்தலும், முழந்தாளிடுதலுக்கு மாற்றாகக் கைகூப்பித் தாழ வணங்குதலும் இடம்பெற்றன. முழந்தாளிடு என்பதைப் பள்ளித் தண்டனையாகவே முதலில் கற்ற நம்மவர்க்குக் கூப்பிய கை அந்நியமானதன்று.

இன்றைய விதியும் கனிவுடையதே. உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை, அர்ச்சிப்பின்போது முழந்தாளிடச் சொல்கிறது. உடல்நலக் குறைவோ இடநெருக்கடியோ தகுந்த வேறு காரணமோ தடுத்தால், குரு முழந்தாளிடும் வேளையில் தாழ்ந்து வணங்குமாறு கேட்கிறது. அனைவரும் ஒரே நிலையில் இருப்பதை ஒற்றுமையின் அடையாளம் என்றும் அது கூறுகிறது. நம் மனம் தங்கி நிற்பது இச்சொல்லில்தான். அடுத்தவரோடு சேர்வதற்காக நாம் தாழ்கிறோமா, அடுத்தவரை அளப்பதற்காகவா?

இந்த ஒற்றுமை நம் மண்ணில் எளிதில் வரவில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்து ஆலயத்தில் சாதியார் தனித்தனியே வழிபட இரு கூடங்களும் நடுவே ஒரு சுவரும் இருந்தன. 1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. அதற்கெதிரான வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. சுவரின் இருபுறமும் முழந்தாள்கள் தவறாமல் மடங்கியிருக்கும். ஒரே பீடத்தை நோக்கி, ஒரே மணிக்கு மடங்கியிருக்கும். எனினும் எவரோடு சேர்ந்து மடங்குகிறோம் என்ற கேள்விக்கு அம்முழந்தாள்கள் விடை சொல்லவில்லை.

தாழ்வாரத்து மூதாட்டியை அதன்பின் பல வாரங்கள் கவனித்தோம். மணி ஒலித்ததும் தூணைப் பற்றிய கையை விடுவித்து, இரு கைகளையும் கூப்பி, தலை தாழ்த்துவார். விதி எதையும் அவர் படித்தவரல்லர். உள்ளே வருமாறு நாம் அழைக்கத் துணிந்தது மிகவும் பிந்தித்தான்.

"இங்கயே இருந்துக்கிறேன் ஐயா. காத்து வருது," என்றார்.