எந்தச் சொல்லைக் கேட்பது?

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மகன் ஆசிரியர். மூன்று இரவுகளாக நித்திரை இல்லை, களைப்பும் இல்லை. கரையோரத்தில் ஐஸ் தொழிற்சாலை தொடங்கக் காணியை ஈடு வைக்க வேண்டுமென்று உறுதியைக் கேட்கிறார். உறுதியோ அக்காவிடம். இரண்டு மாதங்களுக்கு முன் சுகமாயிருந்தபோது அவரே அதை ஒப்படைத்து, 'வருத்தம் வந்து நான் கேட்டாலும் தராதேங்கோ, அக்கா' என்றிருந்தார். இன்று, 'என்ரை காணி, என்ரை உறுதி, தாங்கோ' என்கிறார். இரண்டும் அவர் சொல்தான். அக்கா எதைக் கேட்பது?

இருதுருவ மனநோய் எனப்படும் இந்நோய் மனிதனை ஒருகால் அளவுமீறிய எழுச்சியிலும் ஒருகால் ஆழ்ந்த சோர்விலும் தள்ளுகிறது. இடையில் அவர் நெடுநாள் எம்மைப் போலவே தெளிவாயிருக்கக்கூடும். 'விசர்' என்ற ஒரே சொல்லால் ஆளை மதிப்பிடுவோர் இந்த இடைக்காலத்தை மறந்துவிடுகின்றனர்.

13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமஸ் அக்குவினாஸ் இதையொத்த வினாவை எடுத்து ஆராய்ந்தார். சித்தம் கலங்கியவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா? தெளிவாயிருந்த காலத்தில் அவர் அதை விரும்பியிருந்தால், கலக்கத்தில் மறுத்தாலும் கொடுக்கலாம் என்பது அவர் முடிவு. அளவுகோல் குடும்பத்தின் வசதியன்று, நோயாளரின் தெளிந்த விருப்பம். ஞானஸ்நானத்துக்கே அது போதுமாயின் காணி உறுதிக்குப் போதாதா? அக்கா மறுப்பது தம்பியை மீறுவதன்று, அவருக்குக் கீழ்ப்படிவதே.

சோர்வுக் காலத்தில் 'நான் இருந்து என்ன பயன்' என்று எழும் குரலும் அவ்வாறே. அதைக் கேட்டவர் 'பாவம், அப்படிப் பேசாதே' என்று அதட்டாமல், தனியே விடாமல், அன்றே வைத்தியரிடம் கூட்டிச் செல்ல வேண்டும்.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். அவுஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட் 1949இல் அறிவித்த லிதியம் சிகிச்சை இன்றும் பயன்படுகிறது. இரத்தத்தில் அதன் அளவைச் சோதித்துவர வேண்டும். உடலில் நீர் வற்றினால் அது நஞ்சாகலாம். ஆகவே இவர்கள் தவக்காலத்தில் தண்ணீரும் குடியாமல் ஒருசந்தி இருப்பது பக்தியன்று. நோயாளரை அக்கட்டளை கட்டுப்படுத்தாது. குளிசையை எறிந்துவிட்டுச் செபத்தை மட்டும் நம்பு என்போர் அவ்வீட்டுக்கு நன்மை செய்பவரல்லர்.

முன்கூட்டியே பேசாத வீட்டில் அக்காவின் நிலை கடினம். ஆகவே சுகமான நாளிலே அவரையே கேட்டு எழுதி வையுங்கள்: எத்தனை இரவு நித்திரையில்லாவிட்டால் வைத்தியரிடம் போவது, யாருடன் போவது, வங்கிப் புத்தகம் யார் கையில்.

எனினும் ஒன்று. நோய் தணிந்து, வைத்தியரும் தெளிவென்று சொன்னபின், அவர் உறுதியைத் திருப்பிக் கேட்டால்? கலியாண வீட்டில் அவர் சற்று உரக்கச் சிரித்தாலே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் வீட்டுக்கு இது பெரிய சோதனை. ஆயினும் கொடுக்கத்தான் வேண்டும். எந்தத் தெளிந்த மனத்தின் சொல்லுக்காக அன்று மறுத்தாரோ, அதே மனம்தான் இன்று கேட்கிறது. பயமாயிருந்தால் அக்கா அதை அவரிடமே வாய்விட்டுச் சொல்லலாம், இன்னும் ஒரு மாதம் பொறுக்கும்படி கேட்கலாம். ஒளித்து வைக்க அவருக்கு உரிமையில்லை.