புதிய மண்ணில் பழைய இயல்பு

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் சாலை, சின்னாறு வனத்தின் முட்காடுகளைக் கடந்து மறையூரை அடைகிறது. அங்கிருந்து மலையேறினால் காந்தலூர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். காலையில் சமவெளி வெயிலில் புறப்பட்டவர், நண்பகலுக்குள் பூண்டும் கேரட்டும் ஆப்பிளும் விளையும் குளிர்நிலத்தில் நிற்கிறார். ஊர் இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். ஆயினும் பழங்குடியேறிகளின் பேச்சு தமிழ். அஞ்சுநாடு என்று வழங்கும் இப்பகுதியினரின் முன்னோர் சில நூற்றாண்டுகளுக்கு முன் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களது மரபுவழிச் செய்தி.

அப்படி வந்தவர்களின் முதல் விதைப்பை எண்ணிப் பார்க்கலாம். சமவெளியின் பட்டங்களை மனப்பாடமாக அறிந்த உழவனுக்கு மலையில் அந்த அறிவு எவ்வளவு உதவியிருக்கும்? ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறு டிகிரி குறைகிறது. மூணாற்றில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை, முகடுகளுக்கு இப்பால் உள்ள காந்தலூருக்கு மிகக் குறைவாகவே வந்து சேர்கிறது. தெரிந்த மாதங்கள் பொய்த்துப்போகும். இங்கே எழும் கேள்வி வேளாண்மையோடு நின்றுவிடுவதில்லை. இடம் மாறியவன் தன் வழக்கத்தைக் காப்பதா, வந்த இடத்திற்குத் தன்னை ஒப்புக்கொடுப்பதா? காத்தால் பட்டினி. விட்டாலோ, தான் யார் என்பதே மறந்துவிடுமோ என்ற அச்சம்.

இந்த அச்சத்தில் ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. பழக்கத்தையும் இயல்பையும் மனிதன் ஒன்றெனக் கொள்கிறான்.

உருளைக்கிழங்கின் வரலாறு இதைத் தெளிவாக்கும். அது தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளுக்கு உரியது. நிலநடுக்கோட்டை ஒட்டிய அந்நாட்டில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிற்குச் சென்றபோது, கோடையின் நீண்ட பகல்களில் செடி தழைத்ததே தவிரக் கிழங்கு வைக்கவில்லை. பகல் குறுகும் இலையுதிர் காலத்தில் கிழங்கு வைக்கத் தொடங்குவதற்குள் உறைபனி வந்துவிடும். சற்று முந்திக் கிழங்கு வைத்த செடிகளை உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தார்கள். இறுதியில் மாறியது எது? கிழங்கு வைக்கும் காலம். கிழங்காகும் தன்மை மாறவில்லை. முன்னது பழக்கம், பின்னது இயல்பு. பொறுமையற்ற உழவன் முதல் ஆண்டிலேயே செடியைப் பிடுங்கி எறிந்திருப்பான். மேல்நாட்டார் அனைவரும் அப்படிச் செய்யாதது உலகின் நற்பேறு.

எனினும் எல்லாவற்றையும் இவ்வாறு பழக்கிவிடலாம் என்று எண்ணுவதும் பிழை. 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து டொரண்டோ சென்று குடியேறிய தமிழர் வீடுகளில் கறிவேப்பிலைச் செடி தொட்டியில் வளர்கிறது. கோடையில் அது முற்றத்தில் நிற்கும். பனிக்காலத்தில் வீட்டிற்குள் சன்னலோரம் வந்துவிடும். உறைபனியைத் தாங்கு என்று அதற்குக் கட்டளையிட்டால் அது இறக்கும். அதை ஆண்டுதோறும் உள்ளும் புறமும் சுமக்கிற கைகள் செய்வது வெறும் பழமைப் பற்று அன்று. தான் அந்த இடத்து இயல்பை மாற்ற முடியாது என்பதையும், செடியின் இயல்பை மாற்ற முடியாது என்பதையும் ஒருசேர ஏற்ற அறிவு அது. எதை வெளியே விட்டுப் பழக்குவது, எதை உள்ளே வைத்துக் காப்பது என்ற விவேகம் பெற்றோருக்கும் வேண்டியிருக்கிறது. மொழியும் வழிபாடும் உணவும் பிள்ளைகளிடம் சேரும் வீடுகளில் அது நாள்தோறும் சோதிக்கப்படுகிறது.

இதுவரை வந்தவனின் நலம் பற்றியே பேச்சு. அவன் வந்த மண்ணுக்கு என்ன ஆயிற்று?

காந்தலூர், வட்டவடைச் சரிவுகளில் யூகலிப்டஸ் மரத்தையும் காணலாம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, தேயிலைத் தொழிற்சாலைகளின் விறகுக்கென இம்மலைகளில் பரவிய மரம். வேரூன்ற அது எவரையும் கெஞ்சவில்லை. வந்த இடத்தில் செழிப்பதே வெற்றி என்றால் அதைவிட வெற்றி பெற்றது வேறில்லை. ஆனால் அது அடர்ந்த சரிவுகளில் ஊற்றுகள் வற்றின என்று காய்கறி உழவர்கள் குறைகூறி வந்துள்ளனர். மரத்தின் மீது பழி சொல்வதில் பொருளில்லை. நட்டவன் விறகை மட்டுமே கணக்கிட்டான். விருந்தினனாக வந்தவன் எவ்வளவு நன்றாக வாழ்கிறான் என்பதோடு, அண்டை வயலுக்கு நீர் மிச்சமிருக்கிறதா என்பதும் கேட்கப்பட வேண்டும்.

பூண்டும் வந்தேறிதான், அதன் தாயகம் மத்திய ஆசியா. போதிய குளிர் படாவிட்டால் அது பற்களாகப் பிரியாமல் ஒற்றை உருண்டையாகவே நின்றுவிடுகிறது. பிரியும் ஆற்றல் அதனுள் இருக்கிறது. அதை வெளிக்கொணரக் குளிர் வேண்டியிருக்கிறது. பொதுவாக அதற்கு விதை கிடையாது. சென்ற ஆண்டுப் பூண்டின் ஒரு பல்லே இவ்வாண்டுப் பயிராகிறது. எனவே காந்தலூர் வயலில் இன்று ஊன்றப்படும் பல், கைமாறிக் கைமாறி வந்த அதே பழைய உடலின் ஒரு துண்டு. காந்தலூர் வட்டவடைப் பூண்டு என்ற பெயரில் 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.