பெறுநர் யார்?

திங்கட்கிழமை காலையில் எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனாலும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வந்தவர்களின் வரிசையைப் பார்க்கலாம். எல்லார் கையிலும் ஒரு மனு இருக்கும். நல்ல உரைநடைக்கு உதாரணம் கேட்கிறவர்களை அந்த வரிசைக்கு அனுப்பலாம் என்று எனக்குத் தோன்றும். கதை எழுதுகிறவருக்குத் தன்னைப் படிக்கப்போவது யாரென்று தெரியாது. மனு எழுதுகிறவரோ ‘பெறுநர்’ என்று போட்டு, அவர் பதவியையும் அலுவலகத்தையும் குறித்த பிறகுதான் ‘ஐயா’வுக்கே வருகிறார்.

தெளிவாக எழுதுவது என்றால் படிக்காதவர்களுக்காக இறங்கிவந்து எழுதுவது என்று பலரும் நினைக்கிறோம். பாரதி 1912-இல் வெளியிட்ட பாஞ்சாலி சபதத்தின் முகவுரையில், ஓரிரு ஆண்டே நூல் படித்துப் பழகியவர்களையும் மனத்தில் வைத்து எளிய நடையைக் கேட்டார். அவர் நினைத்த வாசகருக்குப் படிப்புப் பழக்கம் குறைவு. நம் மனுவைப் படிக்கும் தாசில்தாருக்கு அந்தக் குறை இல்லை. அவருக்கு இல்லாதது நேரம். அவர் மேசையில் நம் மனுவுக்கு மேலும் கீழும் மனுக்கள் இருக்கின்றன. வாசகரிடம் எது குறைவோ, அந்தக் குறையை எழுதுகிறவன் தன் உழைப்பால் ஈடுகட்ட வேண்டும். தெளிவு என்று நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்.

எங்கள் தெருவில் மனு எழுத வேண்டுமென்றால் சிலர் என்னைத் தேடி வருவார்கள். கணவரை இழந்த ஓர் அக்கா பட்டா மாறுதலுக்காக வந்தார். கிணறு வெட்டிய காலத்திலிருந்து தொடங்கினார். மாமனார் பாகம் பிரித்தது, கொழுந்தன் வரப்பை நகர்த்தியது, சாவு வீட்டிலேயே அவர் மிரட்டிப் பேசிய பேச்சு, எல்லாம் வந்தது.

“அவர் பேசினதையும் எழுது தம்பி.”

“அதைப் படிச்சு தாசில்தார் என்னக்கா செய்வாரு?”

“செய்யலைன்னாலும் தெரியட்டுமே.”

அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மனிதர்கள் எழுதுவதில் பாதி அதற்காகத்தான். ஆனாலும் மனுவில் அது ஏறவில்லை. கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண், கணவர் இறந்த தேதி, இணைத்திருக்கும் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், யார் யார் பெயருக்குப் பட்டா மாற வேண்டும், அவ்வளவுதான் எழுதினேன். ‘பொருள்’ என்ற வரியில் ‘பட்டா மாறுதல் கோருதல்’ என்று போட்டேன். எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று அந்த வரியைப் பார்த்தே முடிவுசெய்துவிடலாம். முன்பே மனு கொடுத்திருந்தால் அதன் தேதி ‘பார்வை’யில் வந்திருக்கும்.

கொழுந்தன் மிரட்டியது பொய்யும் இல்லை, சின்ன விஷயமும் இல்லை. அதைத் தனி மனுவாக எழுதிக் காவல் நிலையத்தில் கொடுக்கச் சொன்னேன். அங்கே சர்வே எண்ணை விட அவர் பேசிய பேச்சு முக்கியம்: எந்தத் தேதி, எந்த இடம், என்ன சொன்னார், யார் பக்கத்தில் இருந்தார்கள். தாசில்தாருக்கு வேண்டாத வரி இன்ஸ்பெக்டருக்கு முதல் வரியாகிவிடுகிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கும்போதும் இதே பாடம்தான். 2005-இல் வந்த சட்டம் அது; பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். “என் மனுவை ஏன் கிடப்பில் போட்டீர்கள்?” என்று கேட்டால், விளக்கம் சொல்வது எங்கள் வேலை இல்லை என்று ஒதுங்கிவிடலாம். அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத் தரத்தான் சட்டம் சொல்கிறது. “இந்தத் தேதியில் கொடுத்த மனு மீது எடுத்த நடவடிக்கையின் நகல் தருக” என்று கேட்டால் கோப்பைப் பிரித்தாக வேண்டும். கோபம் இரண்டிலும் ஒன்றுதான். இரண்டாவது கேள்வி அதிகாரியின் கைக்கு ஒரு வேலை கொடுக்கிறது.

நமக்கு முக்கியமானதை நாமே அடிப்பது வலிக்கும். அதனால்தான் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர் தன் வரலாறு முழுவதையும் எழுதுகிறார். பள்ளிச் சுற்றறிக்கையில் கூட்டம் எத்தனை மணிக்கு என்பது கடைசிப் பத்தியில் ஒளிந்திருக்கிறது. மனத்தில் இருப்பதைக் கொட்டுவதற்கு நண்பர் இருக்கிறார், நாட்குறிப்பு இருக்கிறது. அடுத்தவர் படிப்பதற்கு என்று உட்கார்ந்தால், எழுதும் முன் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: படிக்கப்போவது யார்? படித்து முடித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும்? பதில் கிடைக்கும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.