இரண்டு அழைப்புகள்

ஆங்கிலம் கற்பிக்க அயல்நாடு செல்ல விழையும் இளைஞனின் மேஜைமீது இரண்டு அழைப்புகள் ஒருசேர வந்து சேரும்போது, அவன் சிந்தை முதலில் சம்பளத்தையும் வீட்டு வாடகையையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பது இயல்பே. 1987-இல் தோன்றிய ஜப்பானின் ஜெட் திட்டம், அவனைப் பெரும்பாலும் அந்நாட்டு ஆசிரியர் ஒருவருக்குத் துணையாகப் பள்ளி வகுப்பில் நிறுத்துகிறது. வாடகையைப் பொதுவாக அவனே செலுத்த வேண்டும். தென் கொரியாவில் ஹாக்வோன் எனப்படும் தனிப்பயிற்சிக் கூடமோ, குடியிருக்க வீடும் பொதுவாகத் தந்து, பள்ளி விட்டுக் களைத்து வரும் பிள்ளைகளை மாலை தொடங்கி இரவுவரை அவனிடம் ஒப்படைக்கிறது. ஓரிடத்தில் துணை மிகுதி. மற்றோரிடத்தில் பொறுப்பு மிகுதி. ஆகவே, மூத்த ஆசிரியரின் அருகில் நின்று கற்றுக்கொள்ளும் பொறுமை தன்னிடம் உண்டா, அன்றித் தனியே நின்று ஒரு வகுப்பைத் தாங்கும் தைரியம் உண்டா என்று தன் சுபாவத்தைப் பரிசோதித்து, அதன் பின்னரே ஒப்பந்தத்தில் கையொப்பமிடுபவனே விவேகி. ஏனெனில், தவறாகத் தேர்ந்தெடுத்த ஆசிரியன் இழப்பது ஓராண்டு நிம்மதியை மட்டுமே. அவனிடம் பயிலும் குழந்தை இழப்பதோ மீண்டும் வாராத ஓராண்டுக் கல்வியை.