கூடளித்தவன் கடன்

ஓருயிரைக் காக்கப் புகுவோன் மற்றோருயிரின் இரையை மறித்தல் அறமாகுமோ என்னும் வினா மிகப் பழையது. புறாவைக் காத்த சிபியின் வரலாற்றில் அவ்வினாவை எழுப்புவது பருந்தேயாம். புறாவின்பால் இரக்கங் காட்டும் அரசன் பசித்து வந்த தன்பால் அதனைக் காட்டாமை யாதுபற்றி என்று அது வழக்குரைக்கின்றது. அரசன் தன் தசையை அரிந்து துலையிலிட்டான் என்பதைப் பலரும் அறிவர். பருந்தின் வழக்கு மெய்யானது என்று ஒப்புக்கொண்டமையாலன்றோ அவன் அவ்வாறு செய்தான் என்பதைச் சிலரே எண்ணுகின்றனர். வழக்குப் பொய்யாயின் பருந்தை ஓட்டிவிட்டு அவன் அவையிலே அமர்ந்திருக்கலாம்.

அவ்வழக்கே இந்நாளில் வட அமெரிக்காவிலே, வீட்டுப் புறக்கடையிலும் புல்வெளியோரத்திலும் நிறுத்தப்பட்ட ஒரு சிறு மரப்பெட்டியின் முன்னர், வேனிற்றொடக்கந்தோறும் எழுகின்றது.

அந்நாட்டில் நீலப்பறவை என வழங்கும் புட்கள் மூவகைய: கீழ்நாட்டின, மேல்நாட்டின, மலைநாட்டின. கீழ்நாட்டு ஆண்பறவை முதுகெல்லாம் நீலமும் மார்பு செங்காவியுமாக இருக்கும். மிசௌரி மாகாணம் 1927ஆம் ஆண்டிலும் நியூயார்க் மாகாணம் 1970ஆம் ஆண்டிலும் அதனைத் தத்தம் மாகாணப் பறவையாகக் கொண்டன. இத்துணைச் சிறப்புடைய புள்ளுக்குத் தனக்கென ஒரு பொந்து குடைந்துகொள்ளும் வன்மை மட்டும் இல்லை. மரங்கொத்தி குடைந்து கைவிட்ட பொந்தே அதற்கு வீடு. பட்ட மரங்களை வெட்டியும், மரத்தாலாகிய வேலிக்கால்களை நீக்கி இரும்புக்கால்களை நட்டும் மக்கள் அவ்வீடுகளைக் குறைத்தனர். எஞ்சியவற்றுக்கும் போட்டி வந்தது. 1850களின் தொடக்கத்தில் ஐரோப்பாவினின்றும் சிட்டுக்குருவிகளைக் கொணர்ந்து நியூயார்க் நகரின் பகுதியாகிய புரூக்ளினில் விட்டனர். 1890, 1891ஆம் ஆண்டுகளில் மைனாவின் குடும்பத்தைச் சார்ந்த ஸ்டார்லிங் என்னும் பறவையை அந்நகரின் சென்ட்ரல் பூங்காவிலே பறக்கவிட்டனர். இவ்விரண்டும் பொந்தில் வாழ்வன, விரைந்து பெருகுவன. இருபதாம் நூற்றாண்டின் நடுவே பல ஊர்களில் நீலப்பறவை காண்டற்கரியதாயிற்று.

இக்குறையை உணர்ந்து பெட்டி வைத்தாருள் முற்பட்டவர், 1930களில் இல்லினாய் மாகாணத்துக் குவின்சி நகரையடுத்த சாலையோரங்களிற் பெட்டிகளை நிரலே அமைத்த மஸ்ஸல்மன் என்பார். பின்னர் லாரன்ஸ் செலெனி என்பார் 1978ஆம் ஆண்டில் வட அமெரிக்க நீலப்பறவைச் சங்கத்தை நிறுவினார். அவர்வழி நின்ற எண்ணிறந்த குடும்பத்தாரின் உழைப்பால் அப்புள் மீண்டும் பெருகிற்று.

பெட்டியோ மிக எளியது. வாயிலின் விட்டம் ஒன்றரை அங்குலம். நீலப்பறவை நுழையும், ஸ்டார்லிங் நுழையாது. வாயிலின்கீழ் அமர்வதற்குக் குச்சி வைத்தலாகாது. நீலப்பறவைக்கு அது வேண்டுவதில்லை, வேண்டுவது சிட்டுக்குருவிக்கே. அடியில் நீர் வடியத் துளையும், மேலே காற்றோடச் சிறு இடைவெளியும், முன்னே நீண்ட கூரையும், துப்புரவு செய்தற்குத் திறக்கும் பக்கப் பலகையும் இருத்தல் வேண்டும். நான்கைந்து வெளிர்நீல முட்டைகள் இட்டு, இரண்டு வாரம் அடைகாத்து, பின்னும் ஏறத்தாழ மூன்று வாரம் ஊட்டிய பின்னரே குஞ்சுகள் பறக்கும். ஆக ஐந்து வாரம் அப்பெட்டி ஐயமின்றி நிற்றல் வேண்டும்.

அன்புடையார் பலர் தவறுமிடம் இதுவேயாம். அவர்கள் பெட்டியை மரத்திலோ வேலிக்காலிலோ அறைந்துவிட்டுத் தம் பணி முடிந்ததெனச் செல்கின்றனர். கைபோன்ற முன்காலையுடைய ரக்கூன் என்னும் விலங்கு இரவில் ஏறி வாயிலிற் கைவிட்டுத் தாயையும் குஞ்சையும் இழுக்கின்றது. மரமேறுதலில் வல்ல எலிப்பாம்பு நுழைந்து உள்ளேயே சுருண்டு கிடந்து அனைத்தையும் விழுங்குகின்றது. பூனையைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. ஒருமுறை பயன்கண்ட ரக்கூன் அடுத்த பெட்டியையும் தேடிச் செல்லும். இத்தகைய பெட்டி வீடன்று. வீடுபோல் அமைந்த பொறி. ஆதலின் அறிந்தோர் பெட்டியை வழவழப்பான இரும்புக் கம்பத்தில் நிறுத்தி, அதன்கீழ் ஏறத்தாழ 8 அங்குல விட்டமும் 2 அடி நீளமும் உள்ள, மேல்வாய் மூடிய தகரக்குழலைத் தொங்கவிடுகின்றனர். ஏறிவரும் பாம்பு குழலினுட் புகுந்து மேற்செல்ல வழியின்றித் திரும்பிவிடும். ரக்கூனுக்கு அதனைப் பற்றியேறப் பிடிப்பில்லை.

இனிப் பாம்பின் சார்பில் வழக்குரைப்போம். 'பாம்புக்கும் பசியுண்டு, ரக்கூனுக்கும் குட்டிகள் உண்டு. அவற்றின் இரையைத் தகரத்தால் மறித்தல் ஓரவஞ்சனையன்றோ? நீலநிறமும் இனிய குரலும் கண்டு ஒன்றற்கு இரங்கி, ஊர்ந்து வருவதாலேயே மற்றொன்றை வெறுத்தல் அருளன்று. கண்ணின் வேட்கையே' எனின், இவ்வாட்சேபம் எளிதில் தள்ளற்பாலதன்று.

அதற்குச் சிலர் கூறும் விடை, பெட்டியை வைத்தவன் மனிதன். அவன் வையாதவழி அவ்விடத்தில் இரையே இல்லை. இல்லாத இரையைப் பாம்பு இழந்ததெனல் பொருந்தாது என்பது. இவ்விடை பாதியே செல்லும். பெட்டி, மனிதன் அழித்த மரப்பொந்தின் இடத்தில் நிற்பது. அப்பொந்துகளிற் பாம்பு இரை கொண்டதுண்டு. ஆயினும் பொந்துகள் காடெங்கும் மறைந்து கிடந்தன; பாம்பு சிலவற்றைக் காணும், பலவற்றைக் காணாது. பெட்டியோ வெட்டவெளியில், ஒரே உருவினதாய், ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நிற்கின்றது. பொந்து பறவைக்கு அளித்த மறைவைப் பெட்டி அளிக்கவில்லை. தகரக்குழல் அம்மறைவுக்கு ஈடாக வைக்கப்படுவது. அது பாம்பைக் கொல்வதுமில்லை, காயப்படுத்துவதுமில்லை. எலியும் பிறவும் அதற்கு முன்போலவே கிடைக்கின்றன.

இதனினும் வலிய காரணம் ஒன்றுண்டு. காட்டுப்பொந்திற் குடியேறிய பறவையை மனிதன் அழைக்கவில்லை. அங்கே பாம்பு வரின் அவன் இடைபுகவேண்டுவதில்லை என்றே கொள்ளலாம். தன் பெட்டியிற் குடியேறியதை அவன் அழைத்தான். அழைத்தவன் வாயிலில் வந்தது அடைக்கலப்பொருள் என்க. பாம்பு தன் இயல்பிற் செல்வது, அதற்குப் பழியில்லை. நீலப்பறவையும் வெட்டுக்கிளி, கம்பளிப்புழு முதலியவற்றைக் கொன்றே குஞ்சுகளை வளர்க்கின்றது, அதற்கும் பழியில்லை. நன்று தீது தேரும் அறிவுடையான் ஒருவனே இவ்வழக்கிற் குற்றவாளியாதற்குத் தகுதியுடையவன்.

'குஞ்சு பாம்பின் வாய்ப்படுதல் அதன் வினைப்பயன்; இடையே தடுக்க மனிதன் யார்' என்பாரும் உளர். அவர் தம் மகவு நோயுற்றபோது மருத்துவனை அழையாதிருப்பரேல் அவர் வாதத்தைக் கேட்கலாம்.

காக்கும் முறையிலும் தேர்ச்சி வேண்டும். கம்பத்தைச் சுற்றி மெல்லிய நைலான் வலையைக் கட்டினால் பாம்பு அதிற் சிக்கி, மீளமாட்டாமல் வெயிலிற் கிடந்து மெல்ல மெல்லச் சாகும். கம்பத்திற் பூசும் மசகு உயிர்களின் மயிரிலும் சிறகிலும் ஒட்டித் துன்புறுத்தும். தடுத்தல் வேறு, வதைத்தல் வேறு. வலை கட்டியவன் பாம்பைத் தடுத்தேன் என்று சொல்வானாயின், அவ்வலையை விடியற்காலையிற் சென்று ஒருமுறை காண்பானாக. பூனைக்கோ குழலும் வேண்டா, வலையும் வேண்டா. அது வீட்டுப்பிராணி, பாலும் சோறும் பெறுவது. அதனை வீட்டினுள் வைத்துக்கொள்ளுதல் அதன் உடையவன் கடன்.

இதுகாறும் உரைத்தன எளியன. அரியது சிட்டுக்குருவியின் வழக்கு. ஒன்றரை அங்குல வாயில் அதனைத் தடுக்காது. அது பெட்டியிற் புகுந்து முட்டையை உடைக்கும், குஞ்சைக் கொத்தியெறியும், சிலபோது தாய்ப்பறவையையே உள்ளே மடக்கித் தலையிற் கொத்திக் கொன்று, அவ்வுடலின்மேலேயே தன் கூட்டைக் கட்டும். 1918ஆம் ஆண்டின் பறவைக்காப்புச் சட்டம் அந்நாட்டுப் பறவைகளைக் காப்பது. வந்தேறியாகிய சிட்டுக்குருவியை அது காப்பதில்லை. முட்டையைத் துளைக்கும் ரென் என்னும் சிறுகுருவி அந்நாட்டினதாதலின் அதனைத் தீண்டலாகாது; சிட்டுக்குருவியைப் பெட்டியினுட் பொறி வைத்துப் பிடித்துக் கொல்லலாம். பறவைகளிடத்து மெய்யன்புடையாரே அங்ஙனம் கொல்கின்றனர். கொல்லாதவிடத்து நீலப்பறவையைக் கொன்றவராவோம் என்பது அவர் கூற்று. மனம் உடைந்து இவ்வேலையையே கைவிட்டாரும் உளர்.

அச்சிட்டுக்குருவி எது? தமிழ்நாட்டு வீடுகளில் முகட்டிலும் படங்களின் பின்னும் கூடுகட்டி வாழ்ந்த அதே இனம். இங்கே அது அருகிவிட்டதென்று வருந்தி, அதற்கென மரப்பெட்டி செய்து தாழ்வாரத்திற் கட்டுகின்றனர். ஒரே குருவி ஓரிடத்து விருந்து, ஓரிடத்துக் கொலைக்குரியது. அது தானே கடல்கடந்து சென்றதன்று. கூண்டிலடைத்துக் கப்பலேற்றிக் கொண்டுசென்றவர் மக்கள். அவர் பிழைக்கு அதன் கழுத்தைத் திருகுதல் எவ்வாறு நீதியாகும்?

'ஆயின் நீலப்பறவை சாகவோ' எனின், அதுவும் அன்று. கொல்லாமற் செய்யத்தக்கன பல. சிட்டுக்குருவி பெட்டியிற் கூடு தொடங்குமுன்னரே புல்லை எடுத்துவிடுதல். நீலப்பறவை முட்டையிட்டபின் பெட்டியின்மேல் காற்றில் அசையும் பளபளத்த நாடாக்களைத் தொங்கவிட்டுக் குருவியை வெருட்டுதல். கோழிக்கும் பறவைக்கும் தானியத்தை முற்றத்தில் இறைத்து அதனைக் கூட்டாதிருத்தல். இவை எப்போதும் வெல்லும் என்று கூறுதல் பொய்யாகும். சிற்சில ஆண்டுகளில் தாயும் குஞ்சும் மடியும். பெட்டி வைத்தவன் அத்துயரத்தை ஏற்கவேண்டும். சிபி ஈந்தது தன் தசை; பிறிதொரு பறவையின் தசையை அவன் துலையிலிடவில்லை.

ஆதலின் ஆராயவேண்டுவது பெட்டி வைத்தபின் அன்று, வைக்குமுன்னரே. தொழுவமும் களஞ்சியமும் நெருங்கிய வீட்டில் சிட்டுக்குருவி நிறைந்திருக்கும். அங்கே நீலப்பறவையை அழைத்தல் கொலைக்களத்துக்கு அழைத்தலாகும். அவ்வீட்டான் பெட்டி வையாதிருத்தல் நன்று. விரிந்த புல்வெளியுடையவன், கட்டடங்களினின்றும் விலகி, கம்பத்தை நட்டுக் குழலைப் பூட்டி, அதன்பின் பெட்டியை ஏற்றுவானாக. வாரம் ஒருமுறை திறந்து காண்பானாக. குஞ்சு பிறந்து 12 நாட்கள் ஆனபின் திறத்தல் ஆகாது, பறக்க மாட்டாதன வெருண்டு வெளியே குதித்துவிடும். அவை பறந்துபோனபின் பழங்கூட்டை எடுத்தெறிந்து பெட்டியைத் துடைத்து வைத்தால், அவ்வாண்டிலேயே தாய் மறுமுறையும் முட்டையிட வருதலுண்டு. பனிக்காலத்து இரவுகளிலும் சில பறவைகள் அதனுள் ஒருங்கே ஒடுங்கும். அப்பொழுதும் தகரக்குழலைக் கழற்றலாகாது.