பால் கவரின் மூலை

காலையில் அடுப்படியில் நடக்கும் முதல் வேலை பெரும்பாலான வீடுகளில் ஒன்றுதான். பால் கவரைக் குழாயடியில் காட்டிவிட்டு, ஒரு மூலையைக் கத்தரியால் நறுக்கிப் பாத்திரத்தில் கவிழ்ப்பது. நறுக்கிய மூலை சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு முக்கோணம். மேடையில் ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் தொட்டியில் விழுந்து தண்ணீரோடு போய்விடும். கவரின் கதை வேறு. கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடலாம். பல வீடுகளில் வேலை செய்யும் அம்மாவுக்கு அது சில்லறை வரும்படி. மூலையை யாரும் எடை போடமாட்டார்கள், குப்பை பொறுக்குகிறவர் அதற்காகக் குனியவும் மாட்டார். ஒரே தாள்தான், கத்தரி பட்டதும் பெரிய துண்டுக்கு விலை இருக்கிறது, சின்னத் துண்டுக்கு இல்லை. வீட்டில் பிளாஸ்டிக்கைக் குறைப்பதைப் பற்றி எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் இந்த முக்கோணத்தில் வந்து முட்டிக்கொள்கிறேன்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. தூக்குப்பை, டம்ளர், உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் தாள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பால், தயிர், எண்ணெய், மருந்து ஆகியவற்றின் உறைகளுக்கு விலக்கு. இதைச் சலுகை என்று திட்டுவது சுலபம். ஆனால் சென்னையில் மட்டும் ஆவின் ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் விற்கிறது. அவ்வளவு பாலையும் விடியுமுன் வீட்டு வாசலில் சேர்க்க, கவரைவிட மலிவான வழியை யாரும் இன்னும் காட்டவில்லை. பத்து லட்சம் லிட்டரும் அரை லிட்டர் பாக்கெட் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு விடியலுக்கு இருபது லட்சம் முக்கோணம்.

முன்பு பால் கண்ணாடிப் பாட்டிலில் வந்ததே என்பார்கள். வந்தது. எண்ணெய்க்குப் பாட்டிலும், மளிகைக்குப் பையும், மாவு மில்லுக்குத் தூக்கும் எடுத்துக்கொண்டு ஓடியதுதான் ஒரு தலைமுறையின் பிள்ளைப் பருவம். பருப்பு பேப்பர் பொட்டலத்தில் சணல் சுற்றி வரும். பிரித்த சணலைக்கூட உருண்டையாகச் சுற்றி ஆணியில் மாட்டிவைப்பார்கள். பொட்டலம் கட்டிய பேப்பரில் பாதிச் செய்தி இருக்கும். மீதிப் பாதி வேறு வீட்டுப் பொட்டலத்தில் போயிருக்கும். இதையெல்லாம் நினைத்து உருகுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். பிசுக்கேறிய எண்ணெய்ப் பாட்டிலைச் சாம்பல் போட்டுக் குலுக்கிக் கழுவியது யார்? சணலைச் சுற்றியது யார்? வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்தான். பிளாஸ்டிக் அந்த உழைப்பைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டது. ‘பழைய வழக்கத்துக்குத் திரும்புங்கள்’ என்று மேடையில் சொல்கிறவர், அந்தக் கழுவலை யார் தலையில் வைக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நியாயமாக இருக்கும். பால் பாட்டிலைப் பற்றியும் இதைக் கவனிக்கலாம். வீட்டில் ஒருமுறை அலசி வைத்தால் போதும். நிஜமான கழுவல் பால் பண்ணையில், இயந்திரத்தில் நடந்தது. திரும்ப எடுத்துக்கொள்ள ஆள் இருந்ததால்தான் பாட்டில் பிழைத்தது.

மஞ்சப்பை இல்லையா என்று கேட்கலாம். 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசே இயக்கம் தொடங்கியது. ஆனால் டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சாதாரணப் பருத்திப் பை பருவநிலைக் கணக்கில் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமானால் 52 தடவையாவது உழைக்க வேண்டும். எல்லா வகைச் சூழல் பாதிப்பையும் சேர்த்தால் 7,100 தடவை. இதைப் பிடித்துக்கொண்டு துணிப்பை வெறும் வேஷம் என்பவர்கள் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் பை சாக்கடையை அடைப்பதும் மாட்டின் வயிற்றுக்குள் போவதும் அந்தக் கணக்கில் இல்லை. குப்பை ஒழுங்காக எரியுலைக்குப் போகும் நாட்டுக்குப் போட்ட கணக்கு அது. இருந்தாலும் 52 என்ற எண்ணைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. வாரம் ஒருமுறை காய் வாங்கினால் ஒரே பைக்கு ஒரு வருடம். கல்யாண வீட்டிலும் கடை திறப்பிலும் கொடுத்த துணிப்பைகள் பரணில் இருபது கிடக்கும் வீட்டில், எந்தப் பை அந்த 52-ஐத் தொடப்போகிறது?

அடுத்த ஆட்சேபம்தான் கனமானது. ஷாம்பூவைச் சின்னச் சின்ன சாஷேயில் அடைத்து விற்கும் யோசனையைக் கடலூர் சின்னிகிருஷ்ணன் கொண்டுவந்தார்; கூலிக்காரரும் வாங்கட்டும் என்பதுதான் நோக்கம். அது பலித்தது. இன்று அந்தச் சாஷேயின் அடுக்குத் தாளைப் பழைய பேப்பர் கடையில் எடுப்பதில்லை. தயாரிப்பவர் செய்ய வேண்டியதை வாங்குகிறவர் மனசாட்சியில் சுமத்துவது எந்த ஊர் நியாயம்? ஒப்புக்கொள்கிறேன். பொருளின் அமைப்பை மாற்றிய இடத்தில்தான் பழக்கமும் மாறியிருக்கிறது. நீலகிரியில் 2022-இல் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் மதுப் பாட்டிலுக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய் வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரத் தொடங்கினார்கள். காட்டோரம் உடைந்து யானையின் காலைக் கிழித்த அதே பாட்டில் கடைக்குத் திரும்பி நடந்தது. குடித்தவர்களுக்குத் திடீரென்று ஞானம் வந்துவிடவில்லை, பத்து ரூபாய் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை 3 முதல் மூன்று லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் பான பாட்டில்களின் மூடி, திறந்த பிறகும் பாட்டிலோடு ஒட்டியிருக்க வேண்டும். கழன்று தனியாகப் போகும் சின்னத் துண்டுதான் கடற்கரையில் சேர்கிறது என்று கண்டு, அதற்கு ஒரு சட்டம் போட்டார்கள். நம் முக்கோணத்துக்கு அண்ணன் முறை அந்த மூடி.

ஆகவே குறைப்பதற்கு முன்னால் துண்டாக்காமல் இருப்பது என்று ஒரு வேலை இருப்பதாக எனக்குப் படுகிறது. மூலையை முழுக்க நறுக்காமல் ஒரு நூலிழை ஒட்டும்படி விட்டால் பால் அதே மாதிரிதான் கொட்டும். கூடுதல் கழுவல் இல்லை, காசு இல்லை. முக்கோணம் கவரோடு எடைக்குப் போகும். ஆனால் இங்கேதான் என் வாதம் என்னையே திருப்பிக் கேட்கிறது: இதில் ஒரு கிராம் பிளாஸ்டிக்காவது குறைந்ததா? குறையவில்லை. கவர் அதே கவர், நாளைக்கும் வரும். ஒட்டிய மூலையைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு, பாட்டிலைத் திரும்பக் கொண்டுவா என்று பண்ணையிடம் கேட்க வேண்டியதை நாம் மறந்துவிடவும் கூடும். அல்லது தினமும் அந்த நூலிழையில் கத்தரியை நிறுத்திப் பழகிய கைதான் ஒருநாள் அதைக் கேட்குமோ என்னவோ. இரண்டில் எது நடக்கும் என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. இப்போதைக்குக் கத்தரியைக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொள்கிறேன்.